கோலிசிஸ்டெக்டமியைப் பார்த்து அழுகிற மகளுக்காக ஓர் அம்மாவுக்கு

அக்கா, நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். பாப்பா தமிழ் வழியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங் (நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை, அதாவது கோடைப் போடுகிற வேலை) வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, செரிமான மண்டலம் பாடம் ஆரம்பித்த நாளிலிருந்து “எனக்கு இங்கிலீஷ் வராதும்மா, நான் போகலை” என்று படுத்துவிட்டாள், பாதி ஃபீஸ் கட்டியாகிவிட்டது, அவள் அப்பா “அப்பவே பி.எட். சேரச் சொன்னேன்” என்று தினமும் சொல்லிக்காட்டுகிறார். சரி. ஃபீஸ் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதில் எனக்கே கொஞ்சம் கோபம் இருக்கிறது.

முதலில் இந்த “இங்கிலீஷ் வராது” கதை. அவளை மிரட்டுகிற வார்த்தைகளில் முக்கால்வாசி இங்கிலீஷே இல்லை அக்கா, கிரேக்கமும் லத்தீனும். கான்வென்டில் படித்த பிள்ளைக்கும் கோலிசிஸ்டெக்டமி என்பது வீட்டில் கேட்டு வளர்ந்த வார்த்தை கிடையாது. அந்தப் பிள்ளை அதைச் சட்டென்று வாசித்துவிடும், அவ்வளவுதான். அர்த்தம் கேட்டால் பாப்பா மாதிரியேதான் முழிக்கும்.

இத்தனைக்கும் அந்த வார்த்தை உங்கள் வீட்டுக்குள் நடந்த விஷயம். போன வருடம் பித்தப்பையில் கல் என்று உங்களுக்கு ஆபரேஷன் ஆனதாகச் சொன்னீர்களே, அதன் பெயர்தான் கோலிசிஸ்டெக்டமி. கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. பித்தம், பை, இரண்டையும் ஒட்டினால் பித்தப்பை. நாம் எப்படி ஒட்டுப்போட்டு ஒரு சொல்லைச் செய்தோமோ அதே வேலையைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள். லித் என்றால் கல், எனவே கோலிலித்தையாசிஸ் என்றால் பித்தக்கல் இருக்கிற நிலை. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. அழற்சிக்குள் அழல் இருக்கிறது, நெருப்பு. இன்ஃப்ளமேஷனுக்குள்ளும் ஃப்ளேம் இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் முந்நூறு வார்த்தையை மனப்பாடம் செய்துவிட்டு வா என்று அனுப்பினால் யாருக்குத்தான் அழுகை வராது?

நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய அவள் நோட்டைப் பார்த்தேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எல்லா வார்த்தைக்கும் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி, அதைப் பார்த்துப் படிக்கிறாள். பாடத்தைக் கேட்க அது உதவும், கோடிங்குக்கு அது பள்ளம். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இலியம், இடுப்பெலும்புக்கும் இலியம்; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து மட்டும் வேறு. ‘ஈ’ வந்தால் குடல், ‘ஐ’ வந்தால் எலும்பு. ஈட்டிங்குக்கு ஈ என்று நான் ஞாபகம் வைத்திருந்தேன், சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்தது. பித்தத்துக்கு வருகிற கோலியும் பெருங்குடலுக்கு வருகிற கோலும் அவள் நோட்டில் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன, ஆங்கில எழுத்தில் ஒன்றில் ‘ஹெச்’ இருக்கிறது, மற்றதில் இல்லை. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் மூளைப் பாதிப்பால் பேச்சில் வருகிற சிரமம். நோயாளிக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை என்று டாக்டர் எழுதியிருக்க, இவள் பேச்சு வரவில்லை என்று படித்துவிடுவாள்.

அதனால் இன்றிலிருந்து வேர்ச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதட்டும், பக்கத்தில் அர்த்தத்தை மட்டும் தமிழில் எழுதட்டும். கேஸ்ட்ர் வந்தால் இரைப்பை, என்டர் வந்தால் குடல், ஹெபட் வந்தால் கல்லீரல், எமெசிஸ் வந்தால் வாந்தி. முடிவில் வருகிற வால்களைத் தனிப் பக்கத்தில் வைக்கட்டும், ஏனென்றால் பெரிய தப்புகள் வாலில்தான் நடக்கும். கொலெக்டமி என்றால் பெருங்குடலையோ அதில் ஒரு பகுதியையோ வெட்டி எடுத்துவிட்டார்கள்; கொலாஸ்டமி என்றால் எடுக்கவில்லை, வயிற்றின் மேல் ஒரு வாய் திறந்து மலம் வெளியேற வழி செய்தார்கள்; கொலாட்டமி என்றால் வெறும் கீறல். நானே கோடராகச் சேர்ந்த முதல் மாதத்தில் சிஸ்டெக்டமியையும் கோலிசிஸ்டெக்டமியையும் மாற்றிப் போட்டேன். சிஸ்டெக்டமி என்று தனியாக வந்தால் சிறுநீர்ப்பையை எடுப்பது. பித்தப்பை எடுத்த ஆளுக்குச் சிறுநீர்ப்பையை எடுத்ததாக நான் அனுப்ப, எங்கள் வேலையைச் சரிபார்க்கிற க்யூஏ அக்கா அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டினார். அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்கவில்லை.

அடுத்தது, வியாதிகள். இதில் உங்கள் மகள் மற்றவர்களைவிட முன்னால் நிற்கிறாள் என்பேன், வயிற்றுக் கோளாறு இல்லாத வீடு நம் ஊரில் ஏது. ஆனால் வீட்டுப் பேச்சுக்கும் சார்ட்டுக்கும் (டாக்டர் எழுதுகிற நோயாளிக் குறிப்பு) நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது, அதைத் தாண்டப் பழக வேண்டும். நாம் நெஞ்சு எரிந்தாலும் அல்சர், வயிறு எரிந்தாலும் அல்சர், சாப்பிடாமல் கிடந்து வலித்தாலும் அல்சர் என்போம். சார்ட்டில் அது மூன்று நான்கு வேறு நோய். அமிலம் மேலே எதுக்களித்து வந்தால் ரிஃப்ளக்ஸ் நோய், அதற்குக் கோடு கே21. இரைப்பையின் உள்சுவர் அழற்சி என்றால் கேஸ்ட்ரைட்டிஸ், கே29. உண்மையிலேயே புண் இருந்தால்தான் அல்சர், அதுவும் இரைப்பையில் என்றால் கே25, சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தில் என்றால் கே26. (டியோடினம் என்றால் லத்தீனில் பன்னிரண்டு, பன்னிரண்டு விரல் அகல நீளம் என்று அளந்து வைத்த பெயர். இப்படி ஒரு கதை தெரிந்தால் வார்த்தை தானாக ஒட்டிக்கொள்ளும்.) காரமும் கவலையும்தான் புண்ணுக்குக் காரணம் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் 1984-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார், 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் கொடுத்தார்கள். பாப்பாவுக்கு விலங்கியல் பிடிக்கும் என்றீர்களே, இதைச் சொல்லிப் பாருங்கள், எழுந்து உட்காருவாள்.

அதே மாதிரி மஞ்சள் காமாலை. நமக்கு அது வியாதி, சார்ட்டில் அது ஓர் அறிகுறி. கல் போய்ப் பித்தக் குழாயை அடைத்தாலும் வரும், வைரஸ் தாக்கினாலும் வரும், குடித்துக் குடித்துக் கல்லீரல் சுருங்கினாலும் வரும். செரிமான மண்டலத்துக்கு ஐசிடி என்கிற நோய்க் கோடுப் புத்தகத்தில் கே என்ற எழுத்து என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதை நம்பிக் கல்லீரல் என்றாலே கே என்று போட்டால் மாட்டிக்கொள்வாள்: வைரஸால் வந்த ஹெபடைட்டிஸ் (கல்லீரல் அழற்சி) எதுவானாலும் ‘பி’ என்ற எழுத்துக்குள் போகும், கல்லீரல் புற்றுநோய் சி எழுத்துக்குள், காரணம் தெரியாத வெறும் காமாலை ஆர் எழுத்துக்குள்.

இந்த வேலையின் உயிர்நாடி ஒன்று உண்டு: டாக்டர் எழுதாததை நாம் போடக் கூடாது. வெளிநோயாளி சார்ட்டில் ‘வலது அடிவயிற்றில் வலி, அப்பெண்டிசைட்டிஸாக இருக்கலாம்’ என்று இருந்தால் அப்பெண்டிசைட்டிஸுக்குக் கோடு போட முடியாது, வலிக்கு மட்டும்தான். உள்நோயாளி மருத்துவமனை சார்ட் என்றால் டிஸ்சார்ஜ் வரையிலும் ‘இருக்கலாம்’ என்றே நின்றிருந்தால் அதையே போடலாம். இந்த மாதிரி நுணுக்கம் பிடிக்கிறதா, எரிச்சலாக இருக்கிறதா என்று அவளைக் கேளுங்கள். இதில் எரிச்சல் வந்தால்தான் நான் யோசிப்பேன், இங்கிலீஷுக்காக யோசிக்க மாட்டேன்.

மனப்பாட பயத்துக்கும் ஒரு மருந்து. ஐசிடியின் அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-10-சிஎம்மில் 70,000-க்கும் மேல் கோடு இருக்கிறது, எந்த மனிதரும் அதை மனப்பாடம் செய்வதில்லை, வருடா வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி அது மாறவும் செய்யும். கோடர்களுக்கான சான்றிதழ் தேர்வான சிபிசி 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, கோடு புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். தேடத் தெரிய வேண்டும். தேடுவதற்கு வார்த்தையைப் பிரிக்கத் தெரிய வேண்டும்.

வேலையைப் பற்றி இனிப்பாகச் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை. நாள் முழுக்க ஸ்கிரீன், இத்தனை சார்ட் என்று தினமும் டார்கெட், தப்புக்கு மார்க் குறைப்பு, கழுத்து வலி. எளிய சார்ட்டுகளை மென்பொருளே கோடு போடத் தொடங்கிவிட்டது, அதனால் வார்த்தைக்கு வார்த்தை தேடிப் போடுகிற ஆளைவிட, நோயைப் புரிந்துகொண்டு மென்பொருள் போட்டது சரியா என்று பார்க்கிற ஆளுக்குத்தான் இடம் இருக்கும். விலங்கியல் படித்த பெண்ணுக்கு அது கெட்ட சேதி இல்லை. பி.எட். எங்கேயும் ஓடிவிடாது, அவள் அப்பாவின் கோபத்துக்கு அதை இன்று முடிவு செய்ய வேண்டாம்.

இப்போது ஃபீஸ். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று நோட்டீஸில் போட்டுப் பாதிப் பணத்தை முதல் நாளே வாங்கியிருக்கிறார்கள். மீதியை இந்த மாதம் கட்டாதீர்கள். போன பேட்சில் எத்தனை பேர், எந்த கம்பெனியில், என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள், அதில் இரண்டு பேரிடம் நீங்களே பேசுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அசல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம், நகல் போதும்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை பீரோவிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுங்கள். படிக்கச் சொல்லாதீர்கள், “அன்னைக்கு டாக்டர் என்னென்னவோ சொன்னார், எனக்கு ஒண்ணும் புரியலை, நீ சொல்லேன்” என்று மட்டும் கேளுங்கள். முதல் வரியில் தடுமாறுவாள், பேசாமல் இருங்கள். நடுவில் அவர் வந்து பி.எட். என்று ஆரம்பித்தால் அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துத் திண்ணைக்கு அனுப்பிவிடுங்கள். அவள் எந்த வார்த்தையில் நின்றாள் என்று நாளைக்கு எனக்கு ஒரு போட்டோ போடுங்கள், அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன்.