சுவரெல்லாம் பூஞ்சை, வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: வாடகை வீட்டின் படுக்கையறைச் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்திருக்கிறது. குழந்தைக்கு இருமல் நிற்கவே இல்லை. உரிமையாளர் ஒருமுறை வந்து அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டுப் போனார், இப்போது கேட்டால் "ஜன்னலைத் திறக்காதது உங்கள் தப்பு" என்கிறார். சரிசெய்யும்வரை வாடகை தராமல் இருக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் வாடகை நின்ற மாதமே இது பூஞ்சை வழக்கு என்பது போய் வாடகை பாக்கி வழக்காகிவிடும், உங்களைக் காலி செய்யச் சொல்ல அவருக்கு அதைவிடச் சுலபமான காரணம் கிடைக்காது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் வாடகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு வழக்காட வழி உண்டு. இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108, உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரரே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது (ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும், எடுத்துப் படியுங்கள்). எந்த வழியானாலும் முதலில் எழுத்தில் அறிவிப்பு போயிருக்க வேண்டும். போனில் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கஷ்டம்.

இனி அந்த ஜன்னல் கதை. பூஞ்சை இருப்பதை யாரும் மறுக்கப் போவதில்லை, ஈரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டையே. கூரை ஒழுகல், குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல் என்றால் பொதுவாக உரிமையாளர் பொறுப்பு. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள்: சுவரில் காய்ந்த ஒரு இடமாகப் பார்த்து அலுமினியத் தாள் ஒன்றை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். அறைப் பக்கம் நனைந்திருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. இது தீர்ப்பு இல்லை, ஆனால் போட்டோவோடு காட்டினால் பேச்சின் தொனி மாறும். காற்றின் ஈரம்தான் என்று வந்தாலும் பழி முழுக்க உங்கள் தலையில் விழாது, ஏனென்றால் திறக்கவே முடியாத ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத குளியலறையும் நீங்கள் கட்டியவை இல்லையே.

இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. அந்த வீட்டிலும் உரிமையாளர் தரப்பில் பூஞ்சைக்கு மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள், குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்றார்கள். நீண்டகாலம் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு சொன்னது. அவன் பெயரிலேயே வந்த சட்டப்படி, 2025 அக்டோபர் முதல் அங்கே சமூக வீட்டுவசதி உரிமையாளர்கள் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் உள்ளாட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும்) கடுமையான ஓதம், பூஞ்சைப் புகாரை 10 வேலை நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும், அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள்.

அதனால் இன்றே போட்டோ எடுங்கள், துடைப்பதற்கு முன்னால். அப்புறம் எந்த அறை, எப்போதிலிருந்து, முன்பு பெயின்ட் அடித்தது எப்போது என்று தேதியோடு எழுதி, ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் வீட்டில் பூஞ்சை இருப்பதைச் சொல்லிச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள், அதுவரை குழந்தையை வேறு அறையில் படுக்க வையுங்கள். பதில் வராவிட்டால் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவில் புகார் கொடுத்து, அவர்கள் வந்து பார்த்தால் அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காலி செய்வதாக இருந்தாலும் சாவியைக் கொடுப்பதற்கு முன் அந்தச் சுவரை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் பிடிக்கப் பார்ப்பார்.