ஹவாய்க்காரர்கள் வீட்டுச் சாப்பாடு என்று எதைச் சொல்வார்கள்?

அன்னாசி போட்ட பீட்சாதானே ஹவாய் உணவு என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, அது கனடாவில் பிறந்தது. ஹவாய் நண்பர்கள் கூடிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் லோகோ மோகோ, ஸ்பாம் முசுபி, சைமின், ‘போய்’ எனும் கிழங்குக் கூழ் என்றுதான் பேச்சு போகும்.

லோகோ மோகோ ஹிலோ நகரத்துப் பண்டம். சூடான சோற்றின் மேல் மாட்டிறைச்சி வடை, அதன் மேல் பொரித்த முட்டை, அப்புறம் எல்லாவற்றையும் நனைக்கிற பழுப்பு கிரேவி. மஞ்சள் கரு உடைந்து சோற்றில் இறங்குவதுதான் அதன் ருசியே.

முசுபியை வீட்டிலேயே செய்துவிடலாம். டின்னில் வரும் ஸ்பாம் இறைச்சியைத் துண்டு போட்டு வறுத்து, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துப் புரட்டி, அழுத்திய சோற்றின் மேல் வைத்துக் கடற்பாசித் தாளால் சுற்றுவார்கள். அச்சு இல்லையென்றால் அந்தக் காலி டின்னே போதும்.

சைமின் நூடுல்ஸ் சூப். கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு வந்த சீனர், ஜப்பானியர், பிலிப்பினோக்களின் சமையல் கலந்து உருவானது.

எல்லாவற்றுக்கும் மூத்தது ‘போய்’ என்கிற அந்தக் கூழ். நம் சேப்பங்கிழங்குதான் அங்கே கலோ. நாக்கு அரிக்காமல் இருக்க நன்றாக வேகவைத்து, தண்ணீர் தெளித்து இடித்துக் கூழாக்குவார்கள். ஓரிரு நாள் வைத்தால் புளிக்கும். பழகியவர்களுக்கு அந்தப் புளிப்புதான் பிடிக்கும். ஹவாய் மரபில் கலோ மனிதனுக்கு மூத்த சகோதரன். அதனால் முதல் வாயிலேயே முகம் சுளிக்காமல், உப்புப் போட்ட பன்றிக்கறியோடு சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.