இரண்டாம் உலகப் போரில் காணாமல் போன விமானப்படை வீரரின் பெயர் நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. அவருடைய கல்லறையைக் கண்டுபிடிக்க முடியுமா?

சில சமயம் முடியும். உங்கள் தாத்தாவின் தம்பி பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பர்மா, மலாயா என்று தெற்கு, கிழக்கு ஆசியாவில் எங்கோ பறந்து போய்த் திரும்பாதவராக இருக்கலாம். "உடம்பே கிடைக்கவில்லை" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அதுவே முடிவாகியிருக்கும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் அந்த நினைவகச் சுவரில் ஒரு பெயர் இருந்தால், அவருடைய கல்லறை இன்னதென்று தெரியவில்லை என்பது மட்டுமே நிச்சயம். உடல் கிடைத்து, யாரென்று தெரியாமல் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்களும் அங்கேதான் இருக்கின்றன.

என் பாட்டியின் அண்ணன் இந்திய விமானப்படையில் கன்னர். 1944-இல் பர்மாவின் மேற்குக் கடற்கரையான அரக்கான் போர்முனையில் வெஞ்சன்ஸ் என்ற குண்டுவீச்சு விமானத்தில் போனவர். முன்னால் பைலட், பின்னால் துப்பாக்கியோடு இவர், மொத்தம் இரண்டே பேர். முதலில் "காணவில்லை" என்று தந்தி. பிறகு "இறந்ததாகக் கருதப்படுகிறது" என்று ஒரு கடிதம். பாட்டி சாகும்வரை அந்த "கருதப்படுகிறது"வை நம்பவே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிச்சயம் யாராவது கேட்பார்கள்: "வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவரை எண்பது வருடம் கழித்து எதற்குத் தேட வேண்டும்?" அரசியல் பேச நான் வரவில்லை. இருபத்தோரு வயதில் போய்த் திரும்பாத ஒரு பையனை அவன் வீட்டார் தேடுகிறார்கள், அவ்வளவுதான். நான் வரலாற்று ஆய்வாளரும் இல்லை. இதைப் படிக்கும் நிபுணர்கள் தாராளமாகத் திருத்தலாம்.

சரி, எப்படித் தேடுவது? பெரும்பாலானவர்கள் இறந்தவரின் பெயரை வைத்துக்கொண்டு தேடுவார்கள். பெயர் தெரிந்திருந்தால் அந்தக் காலத்திலேயே கல்லில் பொறித்திருப்பார்களே! பெயரில்லாத கல்லிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். பர்மாவில் யாங்கூன் நகரத்துக்கு வெளியே தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 6,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள், அவற்றில் 850-க்கும் மேல் அடையாளம் தெரியாதவை. அக்யாப் (அரக்கானில் இருக்கும் ஊர்), மாண்டலே, மெய்க்டிலா, சாமாவ் ஆகிய இடங்களில் இருந்த பழைய கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் 1951 வாக்கில் அங்கிருந்தவற்றை இங்கே கொண்டுவந்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள்கள் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அடையாளம் தெரிந்த ஒருவரின் பக்கத்தைத் திறந்தால், கீழே அந்த வரிசைக்கான பதிவுத்தாள் படமாக இருக்கும். பெயரில்லாதவர்களுக்குத் தனிப் பக்கம் கிடையாது. ஆனால் பக்கத்துக் கல்லறைக்காரரின் அதே தாளில் அவர்களும் ஒரு வரியாக இருப்பார்கள். நான் அப்படித்தான் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன்.

அக்யாபிலிருந்து வந்த ஒரு தாளில் அடுத்தடுத்து இரண்டு வரிகள், இரண்டுமே பெயர் தெரியாத விமானப்படை வீரர்கள். இருவரும் கிடைத்த இடத்தின் வரைபட எண் ஒன்றே. அதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. ஆனால் இரண்டு பேர் போகும் விமானம் வெஞ்சன்ஸ் மட்டும் இல்லை. பர்மா முழுக்கத் தாழப் பறந்து ரயில்களையும் படகுகளையும் அடித்த பியூஃபைட்டரிலும் இரண்டே பேர்தான். ஆகவே அந்தப் பகுதியில் விழுந்த பியூஃபைட்டர்களை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டியிருந்தது. கைகொடுத்தது போருக்குப் பின் தேடப் போனவர்கள் எழுதிவைத்த ஒரு குறிப்பு: அங்கே கிடந்த சிதைவில் ஒரு எஞ்சின்தான் இருந்தது. பியூஃபைட்டருக்கு இரண்டு எஞ்சின், வெஞ்சன்ஸுக்கு ஒன்று.

அதோடு முடியவில்லை. அரக்கானில் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களும் (விமானப்படைப் பிரிவுகள்) வெஞ்சன்ஸ் ஓட்டின. அவர்கள் இழந்த விமானங்களை ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகளோடு ஒப்பிட்டுக் கழித்துக்கொண்டே வந்தேன். இன்னும் ஒரே ஒரு விமானம் பாக்கி. அது வேறெங்கோ விழுந்தது என்று காட்டிவிட்டால் ஆணையத்துக்கு எழுதுவேன். அவர்கள் ஆதாரத்தைப் பார்த்துத் திருப்தியானால் அந்தந்த நாட்டுப் படை அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள். "இவராக இருக்கலாம்" என்பது போதாது, வேறு யாராகவும் இருக்க முடியாது என்று காட்ட வேண்டும். டிஎன்ஏ பார்க்கலாமே என்று கேட்காதீர்கள். அமெரிக்கர்கள் தங்கள் வீரர்களுக்காகக் கல்லறையைத் தோண்டிச் சோதிக்கிறார்கள். காமன்வெல்த் கல்லறைகளை அடையாளம் காண்பதற்காகத் தோண்டுவதில்லை. காகிதம்தான் ஒரே வழி.

இன்னொன்று. உங்கள் தாத்தாவின் தம்பி இந்துவா என்று நீங்கள் சொல்லவில்லை. நம் ஆட்களில் பலரை அவரவர் முறைப்படி தகனம் செய்தார்கள். அவர்களுக்குத் தௌக்யானிலேயே தனி நினைவகம் உண்டு, 1,000 பேருக்கு மேல். என் பாட்டி குடும்பம் கிறிஸ்தவர்கள் என்பதால்தான் நான் கல்லறையையே தேடினேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் மனசு ஆறவில்லை. அவர் சீருடையில் இருக்கும் ஒரே போட்டோவை ஒரு வரலாற்றுக் குழுவில் உதவி கேட்டுப் போட்டிருந்தேன். ஒருவர் அதை எடுத்து, மூலையில் தன் பக்கத்தின் பெயரை அடித்து, வேறு யாரோ ஒரு பைலட்டின் கதையோடு சேர்த்துவிட்டார். எழுதிக் கேட்டால் பதில் இல்லை. இப்போது அந்த முகத்தைத் தேடினால் தப்பான பெயர்தான் முதலில் வருகிறது. பெயர் கிடைக்காமல் கிடக்கும் ஒரு மனிதருக்கு இன்னொருவர் பெயரை ஒட்டுவது என்ன நியாயம்? பழைய போட்டோவைப் பகிர்பவர்கள் தயவுசெய்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் கேள்வியில் விமானத்தின் வகையும் காணாமல் போன தேதியும் இல்லை. கிராஞ்சிப் பதிவிலேயே தேதி இருக்கும், வகையை ஸ்குவாட்ரன் எண்ணை வைத்துப் பிடித்துவிடலாம். இரண்டையும் கருத்தில் எழுதுங்கள். அரக்கான் பக்கம் என்றால் அந்த வாரத்தில் வேறு யார் யார் விழுந்தார்கள் என்று என் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன்.