பாய்மரப் படகில் போகும்போது பலத்த காற்று வரப்போகிறது என்று தெரிந்தால் படகையும் ஆட்களையும் எப்படித் தயார் செய்வது?

எந்தப் பாயை இறக்குவது, எதை ஏற்றுவது என்றுதான் இதற்கு எல்லோரும் பதில் சொல்வார்கள். நான் படகின் உள்ளேயிருந்து ஆரம்பிக்கிறேன். பெரும்பாலும் என் வேலை அங்கேதான்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் முப்பது, முப்பத்தைந்து அடிப் படகு, கூட மூன்று நான்கு பேர், அதில் ஒருவருக்குத்தான் சரியான அனுபவம், இரவும் கடலில்தான் என்று தோன்றுகிறது. அப்படியில்லை என்றால் மன்னிக்கவும், ஆனால் நான் சொல்வது அப்போதும் பெரிதாக மாறாது.

நாங்கள் போனது வாடகைப் படகு. கரை மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இரவுக்குள் காற்று 35 நாட் (மணிக்குச் சுமார் 65 கி.மீ.) தொடும் என்று காலை வானிலை அறிக்கையில் வந்தது. காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை சொல்லும் பியூஃபோர்ட் அளவில் அது 8. கேட்க ஏதோ கொஞ்சம் கூடுதல் காற்று மாதிரி இருக்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் (ஸ்கொயர்) ஏறும் என்பதால், 20 நாட் 40 ஆனால் பாயில் விழும் அழுத்தம் நான்கு மடங்கு. ஸ்கிப்பரும் (படகுத் தலைவர்) இன்னொருவரும் மேலே வேலை பார்க்கப் போனார்கள். நான் உள்ளே இறங்கினேன்.

முதல் வேலை மாத்திரை. கடல் மயக்கத்துக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. அதனால் படகு ஆடத் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் கொடுத்தேன். "எனக்கெல்லாம் வராது" என்றார் ஸ்கிப்பர். "பரவாயில்லை, போடுங்கள்" என்றேன். (சில மாத்திரை தூக்கம் வரவழைக்கும். உங்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதைக் கரையிலேயே பார்த்துவிடுங்கள்.)

அடுத்தது சாப்பாடு. சூப்பை பிரஷர் குக்கரில் வைத்தேன். படகு எவ்வளவு சாய்ந்தாலும் பூட்டிய மூடி திறந்து கொட்டாது, அதுதான் காரணம். சூப்பில் பாதியைத் தெர்மோஸில் ஊற்றி, பிஸ்கட், வேகவைத்த உருளைக்கிழங்கோடு ஒரு பையில் போட்டு, படிக்கட்டுப் பக்கம் காக்பிட்டிலிருந்து (மேலே உட்கார்ந்து சுக்கான் பிடிக்கும் இடம்) கை நீட்டினால் எட்டும் இடத்தில் கட்டி வைத்தேன். நள்ளிரவில் யாரும் அடுப்புப் பக்கம் போகக் கூடாது.

அப்புறம், பறக்கக்கூடிய ஒவ்வொன்றையும் கட்டுவது. டிராயர், தரைப்பலகை, கருவிப்பெட்டி, முக்கியமாக பேட்டரி. டின்களின் காகித லேபிளையும் உரித்துவிட்டு, உள்ளே என்ன என்று டின்னின் மேலேயே மார்க்கரில் எழுதிவிட்டேன். இதைப் பார்த்து ஒருவர் சிரித்தார். படகின் அடியில் தண்ணீர் சேரும்போது ஊறிய காகிதம் போய்ப் பம்பின் வாயைத்தான் அடைக்கும். சிரிக்க ஒன்றுமில்லை.

முன்னால் நங்கூரச் சங்கிலி இறங்கும் குழாயைப் பலர் மறந்துவிடுவார்கள். அணியத்தை (படகின் முன்முனை) தாண்டி விழும் ஒவ்வொரு அலையும் அதன் வழியே கொஞ்சம் உள்ளே ஊற்றும். துணியைத் திணித்து மேலே அடைப்புப் பசை (putty) வைத்து அடைத்தேன். டீசல் ஃபில்டரையும் மாற்றச் சொன்னேன். டேங்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த கசடு, படகு குலுங்கும்போதுதான் கலங்கி எஞ்சினை நிறுத்தும். இரண்டு பேரை மதியமே படுக்க அனுப்பினேன். "இப்போது தூக்கம் வரவில்லை" என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு படுத்தாலே போதும் என்றேன்.

காற்று வந்தது. சொன்னதைவிடக் கூடவே வந்தது. இரவு முழுக்க ஆள் மாற்றி ஆள் சுக்கான் பிடித்தோம். யாரும் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கவில்லை, எஞ்சின் தேவைப்பட்ட நேரத்தில் ஓடியது, பம்ப் அடைக்கவில்லை. கரைக்கு வந்ததும் பேச்செல்லாம் சுக்கான் பிடித்தவரைப் பற்றித்தான். என்னை ஒருவர் "நம்ம சமையல்காரம்மா" என்று அறிமுகப்படுத்தினார். அலுவலகத்திலும் இதே கதைதான். ஆடிட்டுக்கு முன்னால் ராப்பகலாக ஃபைலைச் சரி செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது, அன்றைக்கு வந்து நின்று பேசினவருக்குக் கைதட்டல். சரி, அதை விடுங்கள்.

மேலே செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "இவளுக்குப் பாய் பற்றி ஒன்றும் தெரியாது" என்று யாராவது கிளம்புவார்கள். ரீஃப் செய்யலாமா (பாயின் பரப்பைக் குறைக்கலாமா) என்று மனதில் தோன்றும்போதே பாயை மடித்துக் கட்டிவிடுங்கள், அப்புறம் அதே வேலை மூன்று மடங்கு கஷ்டம். ஹார்னஸ் (ஆளைப் படகோடு இணைக்கும் உடல் வார்) கொக்கி மாட்ட அணியம் முதல் பின்பக்கம் வரை இழுத்துக் கட்டுவது தட்டை நாடாவாக இருக்கட்டும். உருண்டைக் கயிறு காலடியில் உருளும். கொக்கியை வெளியே வந்த பிறகு மாட்டாதீர்கள், உள்ளே நிற்கும்போதே மாட்டுங்கள். நீளமான பட்டையோடு தண்ணீரில் விழுந்தவர் படகோடு இழுபட்டே மூழ்கிவிடலாம், எனவே குட்டைப் பட்டையும் வேண்டும். பயந்துபோய்க் கரையைப் பார்த்து ஓடாதீர்கள். ஆழம் குறையும் இடத்தில்தான் அலை உடையும். காற்று கரைப் பக்கம் தள்ளினால் நடுக்கடலே பாதுகாப்பு.

களைத்துவிட்டால் ஹீவ் டு செய்யுங்கள். முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானையும் எதிராகக் கட்டினால் படகு மெதுவாக நகர்ந்தபடி அடங்கிக் கிடக்கும். ஒல்லிக் கீல் (படகின் அடியில் நீண்டு நிற்கும் கனமான பகுதி) வைத்த புதுப் படகுகள் அதற்குச் சரிவராது என்பார்கள். சில படகு முரண்டு பிடிக்கும்தான், அதனால்தான் மிதமான காற்றிலேயே செய்து பழகச் சொல்கிறேன்.

உயிர்காப்பு ராஃப்டைப் (காற்றடைத்த அவசரகால மிதவை) பற்றி ஒன்று. கடும்புயலில் சிக்கிய 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின, போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள். ராஃப்ட் சம்பந்தப்பட்ட விபத்துகளில் போன உயிர் மட்டும் ஏழு. அந்த ஏழு பேர் விட்டு இறங்கிய படகுகள் பின்னால் மிதந்தபடியே கிடைத்தன. மூழ்குகிற வரை படகை விடாதீர்கள். ராஃப்டே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று மேலே போன இருவரைப் பற்றிச் சொல்லவில்லையே. வாடகைக்கு விட்டவர்கள் பட்டியலில் 'ஸ்டார்ம் ஜிப் (புயல் காற்றுக்கான சின்ன முன்பாய்): உண்டு' என்று டிக் போட்டிருந்தார்கள். உண்டுதான், மடிப்புக் கலையாமல் புதுசாக. ஆனால் அதன் கொக்கி, முன்பாயை மாட்டும் அந்தப் படகின் கம்பிக்குப் பொருந்தவே இல்லை. நல்ல வெளிச்சம் இருந்ததால் ஷேக்கிளையும் (U வடிவ உலோக வளையம்) கயிற்றுத் துண்டையும் வைத்து ஒருவழியாக மாட்டினார்கள். உங்கள் படகு துறையில் கட்டியிருக்கும்போதே, காற்றில்லாத ஒரு காலையில், பையைத் திறந்து அந்தப் பாயை மேலே வரை ஏற்றிப் பாருங்கள். ஸ்கிப்பர் மட்டும் இல்லை, கூட வருகிற எல்லோரும் ஒரு தடவை ஏற்றட்டும்.