ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் என்றால் என்ன என்று கேட்டால் ஏன் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்?

புரோகிராமை ‘ஆப்ஜெக்ட்’ என்ற சின்னச் சின்னப் பொட்டலங்களாக, அதாவது தரவும் அதைக் கையாளும் வேலையும் சேர்ந்ததாக, பிரித்து எழுதும் முறை என்பது பொதுவான விளக்கம். கல்லூரி வைவாவில் இதே கேள்விக்கு அதன் நான்கு தூண்களை மூச்சுவிடாமல் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். என்காப்சுலேஷன் (உள்விவரங்களைப் பூட்டி வைப்பது), அப்ஸ்ட்ராக்ஷன் (சிக்கலை மறைத்துத் தேவையானதை மட்டும் காட்டுவது), இன்ஹெரிடன்ஸ் (ஒரு வகையின் குணங்களை அதன் உட்பிரிவு பெறுவது), பாலிமார்பிசம் (ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு வகையும் தன் வழியில் செயல்படுவது). வேலைக்கு வந்து கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியில் எழுத ஆரம்பித்த பிறகுதான் இடித்தது. அதில் கிளாஸும் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு) கிடையாது, இன்ஹெரிடன்ஸும் கிடையாது. அது ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மொழியா என்று கேட்டால், அதை உருவாக்கியவர்களே ‘ஆமாம், இல்லை’ என்று இரண்டையும் சொல்கிறார்கள்.

சரி, மற்ற தூண்களையும் தட்டிப் பார்ப்போம். பைத்தான் மொழியில் ஆப்ஜெக்டின் உள்விவரங்களுக்குப் பூட்டே இல்லை. பெயருக்கு முன் ஒரு அடிக்கோடு போட்டால் ‘தயவுசெய்து தொடாதீர்கள்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். பாலிமார்பிசம் வேண்டுமென்றால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பாருங்கள்: கிளாஸே இல்லாத வெறும் சி மொழியில், ஸ்ட்ரக்ட் என்ற தரவுத் தொகுப்புக்குள் ஃபங்ஷன் பாயின்டர்களை (எந்த ஃபங்ஷனை அழைப்பது என்று காட்டும் முகவரிகள்) வைத்தே காரியத்தை முடித்திருக்கிறார்கள். அப்ஸ்ட்ராக்ஷன் இல்லாத மொழி என்று ஒன்று இருக்கிறதா என்ன?

என்னைக் கேட்டால், ஒரே பெயரை இரண்டு வம்சங்கள் சுமப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முதல் வம்சம் நார்வேயில் தொடங்குகிறது. ஓஸ்லோவில் ஊலே யூஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் நிஜ உலக நடப்புகளைக் கணினியில் போலச்செய்து பார்க்க ஒரு மொழி தேடினார்கள். அவர்கள் வைத்துக்கொண்டு யோசித்த உதாரணங்களில் ஒன்று, சுங்கச்சாவடி உள்ள ஒரு பாலம். வரிசையில் லாரியும் நிற்கிறது, பஸ்ஸும் நிற்கிறது. இரண்டும் வாகனம்தான், ஆனால் ஒன்றல்ல. இந்தச் சிக்கலை அவிழ்க்கப் போய்த்தான் அவர்கள் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் கிளாஸும் அதன் உட்பிரிவான சப்கிளாஸும் வந்தன. சிமுலாவைப் பயன்படுத்தி அதன் கிளாஸ் பிடித்துப்போன கணினி அறிஞர் ஸ்ட்ரவுஸ்ட்ரப், 1979-இல் அதை சி-க்குள் கொண்டுவர வேலையைத் தொடங்கினார். அதுதான் சி பிளஸ் பிளஸ் ஆனது. அப்புறம் ஜாவா, அப்புறம் நம் பாடத்திட்டம்.

இரண்டாவது வம்சம் கணினி அறிஞர் ஆலன் கேயுடையது. ‘ஆப்ஜெக்ட் ஓரியன்டட்’ என்ற சொல்லே அவர் வைத்ததுதான். அவரும் சிமுலாவைப் பார்த்தவர், ஆனால் மூலக்கூறு உயிரியல் படித்தவர். அவருக்கு ஆப்ஜெக்ட் என்பது ஒரு செல் மாதிரி: உள்ளே நடப்பது வெளியே தெரியாது, மற்றவற்றோடு செய்தி அனுப்பித்தான் பேசும். அவர் குழு செய்த ஸ்மால்டாக் மொழியின் 1972 பதிப்பில் இன்ஹெரிடன்ஸே கிடையாது! அந்தச் சொல்லை உருவாக்கியபோது சி பிளஸ் பிளஸ் தன் மனதில் இல்லை என்று பிற்பாடு அவரே கிண்டலாகச் சொன்னார்.

ஆக, ஒருவர் ‘வாகனம், அதன் வகைகள்’ என்று விளக்குவார். இன்னொருவர் ‘செய்தி அனுப்புவது’ என்பார். இருவரும் தப்பில்லை. வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகள்.

இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வது? நான்கு தூண்களையே சொல்லுங்கள், வேலை முக்கியம். கேட்பவர் கொஞ்சம் ஆர்வமானவராகத் தெரிந்தால் மட்டும் சுங்கச்சாவடிக் கதையை எடுத்துவிடுங்கள்.