அரசு ஆய்வுகளால் வீட்டுவசதிக் கொள்கை உண்மையிலேயே மாறுகிறதா?

மாறும், ஆனால் தாமதமாக. அமெரிக்க வீட்டுவசதித் துறையின் இரண்டு சோதனைகளை எடுத்துக்கொள்வோம்.

வாடகை உதவி கொடுத்தால் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுவார்கள் என்பது 1970களில் இருந்த பயம். கிரீன் பே, சவுத் பெண்ட் பகுதிகளில் தகுதியுள்ள எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வாடகை பெரிதாக அசையவில்லை. (முழு முடிவு வருமுன்பே, 1974இல், வாடகை உதவிக்கான சட்டம் வந்துவிட்டது.) சிக்கல் வேறிடத்தில்: வீடு குறைந்தபட்சத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையால், மோசமான வீடுகளில் இருந்த பலருக்கு உதவி போய்ச்சேரவில்லை.

1994இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய சோதனையில் சுமார் 4,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, வறுமை 10 சதவீதத்துக்குக் குறைவான பகுதிகளில் மட்டும் செல்லுபடியாகும் வாடகைச் சீட்டு (வாடகையின் ஒரு பகுதியை அரசு கட்டும்); இன்னொன்றுக்கு வழக்கமான சீட்டு; மூன்றாவதற்கு எதுவுமில்லை. பெரியவர்களின் வருமானம் உயராததால் பலர் தோல்வி என்றே முடிவுகட்டினார்கள். அது அவசரம். 2015இல் வரிப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தபோது, முதல் குழுவில் 13 வயதுக்கு முன் இடம்பெயர்ந்த பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், மூன்றாவது குழுவின் பிள்ளைகளைவிடச் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தது தெரிந்தது.

குடும்பங்கள் நல்ல பகுதிகளுக்குப் போக வழிசெய்யும் வகையில் 2016இல், 24 பெருநகரப் பகுதிகளில் வாடகை உதவியின் வரம்பை அஞ்சல் குறியீடு வாரியாகக் கணக்கிடும் விதி வந்தது. ஊர் முழுக்க ஒரே வரம்பு என்றால், நல்ல பகுதிகளில் அந்தத் தொகைக்கு வீடே கிடைக்காது.