அப்பீலில் சாட்சியை மறுபடி கூப்பிடுவார்களா?

கேள்வி: சிவில் வழக்கில் தோற்றுவிட்டேன். எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் நின்று பச்சைப் பொய் சொன்னார், நீதிபதியும் நம்பிவிட்டார். அப்பீல் போனால் அவரை மறுபடி கூப்பிட்டு விசாரிப்பார்களா?

பதில்: அநேகமாக மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்பீல் என்றால் வழக்கு அப்படியே முதலிலிருந்து இன்னொரு நீதிபதி முன்னால் நடக்கும் என்று நம்பிக் காசையும் வருடங்களையும் இழப்பவர்கள் நிறையப் பேர். மேல்முறையீட்டு நீதிபதி கையில் இருப்பது வழக்குக் கட்டுதான்: பதிவான சாட்சியம், குறியீடு செய்த (அதாவது சாட்சியமாக எண் போட்டு ஏற்ற) ஆவணங்கள், கீழ்க்கோர்ட் தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு கீழே தவறு நடந்திருக்கிறதா, நடந்திருந்தால் அது என்ன வகைத் தவறு என்று பார்ப்பார். மற்றதெல்லாம் அந்த வகையைப் பொறுத்தது.

சட்டத்தையே தவறாகப் புரிந்துகொண்டு தீர்ப்பு எழுதியிருந்தால் கீழ்க்கோர்ட்டுக்கு எந்தச் சலுகையும் இல்லை, மேல்கோர்ட் தானே புதிதாக முடிவெடுக்கும். வாய்தா கொடுப்பதா மறுப்பதா என்பது மாதிரி நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்ட விஷயம் என்றால், அவர் வரம்பு மீறியிருந்தால் தவிர அநேகமாகத் தலையிடாது. உங்கள் பிரச்சினை இரண்டிலும் சேராது: என்ன நடந்தது, யாரை நம்புவது. இதில் நாட்டுக்கு நாடு கண்டிப்பு மாறும். தவறு வெளிப்படையாகத் தெரிய வேண்டும், முடிவையே புரட்டிப்போடுவதாகவும் இருக்க வேண்டும் என்றது கனடா உச்ச நீதிமன்றம், 2002-ல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-லேயே, முழுப் பதிவையும் பார்க்கும்போது கீழ்க்கோர்ட்டின் முடிவு நம்பும்படி இருந்தால், மேல்கோர்ட் தானாக இருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கும் என்பதற்காக அதை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. இந்தியாவில் முதல் மேல்முறையீடு இதைவிட விசாலமானது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96-வது பிரிவில் வரும் முதல் அப்பீலில் சாட்சியங்களை மறுபடி எடைபோடலாம், போட்டுக் காரணமும் எழுத வேண்டும். இரண்டாம் மேல்முறையீட்டில் அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது, 1976 திருத்தத்துக்குப் பிறகு 100-வது பிரிவின்படி கணிசமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆக, நடந்தது என்ன என்று வாதாட உங்களுக்கு உள்ள இடம் முதல் அப்பீல்தான்.

அங்கேயும் சாட்சியை நேரில் பார்த்தவரின் கணிப்புக்கு மதிப்பு உண்டு. ‘ஞாபகமில்லை’ என்று பதிவில் இருக்கும். அது சட்டென்று வந்த பதிலா, தன் வக்கீல் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்த பதிலா என்பது பதிவில் இருக்காது (சாட்சி நடந்துகொண்ட விதத்தை நீதிபதி எழுதி வைக்கலாம் என்று அதே சட்டத்தின் கட்டளை 18 விதி 12 இடம் கொடுக்கிறது, அப்படி எழுதி வைத்திருந்தால் அந்தக் குறிப்பை அவசியம் படித்துவிடுங்கள்). தோற்றவருக்கு இது கசக்கும்தான், ஆனாலும் எழுத்தை மட்டும் படித்தவர் ஆளைப் பார்த்தவரை எளிதில் திருத்தக் கூடாது என்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

அதனால் சாட்சி பொய்யர் என்று பக்கம் பக்கமாக எழுதிப் பலனில்லை, ஆவணங்களைத் துழாவுங்கள். ஒப்பந்தம் மார்ச்சில் எழுதினோம் என்று சாட்சி சொல்கிறார், அந்த முத்திரைத்தாளில் விற்ற தேதி ஜூன் என்று இருக்கிறது, தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்படி ஒன்று கிடைத்தால் போதும், அதைப் படிக்க ஆளைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, மேல்கோர்ட்டும் அதே தாளைத்தான் பார்க்கிறது. நான் சொன்ன அந்த அமெரிக்கத் தீர்ப்பேகூட, ஆவணம் சாட்சியின் பேச்சைப் பொய்யாக்கினால் அவரை நம்பியதே தவறு என்று மாற்றலாம் என்கிறது.

கேள்வி: எதிர்த்தரப்பு அசல் இல்லாமல் ஜெராக்ஸ் தாக்கல் செய்தது. அப்போது என் வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. இப்போது அப்பீலில் கிளப்பலாமா?

பதில்: கஷ்டம். சாட்சியமாக ஏற்கவே முடியாத ஆவணம் என்றால் பிற்பாடும் கேட்கலாம், ஆனால் அசலுக்குப் பதில் ஜெராக்ஸ் என்பது மாதிரி நிரூபித்த முறைதான் சரியில்லை என்றால் ஆவணம் குறியீடு ஆகும்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2003-ல் இதைத் தெளிவாக்கியது. அப்போதே சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு அசலைக் கொண்டுவந்து குறையைச் சரிசெய்திருக்கும், பேசாமல் இருந்துவிட்டு அப்பீலில் கிளப்பினால் அவர்களுக்கு அந்த வாய்ப்பே போய்விடும் என்பதுதான் காரணம். விசாரணை நடந்துகொண்டிருக்கும் வேறு வாசகர்கள் இதைப் படித்தால், ஆட்சேபணையை வாயால் சொல்வதோடு விடாதீர்கள், பதிவில் ஏறியதா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: கீழே தவறு நடந்தது உண்மை என்று மேல்கோர்ட்டே எழுதியிருக்கிறது, ஆனாலும் அப்பீல் தள்ளுபடி. எப்படி?

பதில்: அந்தத் தவறு இல்லாவிட்டாலும் முடிவு இதேதான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 99-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது, வழக்கின் தகுதியைப் பாதிக்காத நடைமுறைக் குறைக்காகத் தீர்ப்பாணையை ரத்து செய்யக் கூடாது. அதனால் தவறைக் காட்டுவதோடு நிற்காமல், அது இல்லாதிருந்தால் முடிவு எப்படி மாறியிருக்கும் என்றும் காட்டியாக வேண்டும்.

கேள்வி: அப்பீல் போட்டாயிற்று. இனி எதிர்த்தரப்பு எதுவும் செய்ய முடியாதல்லவா?

பதில்: முடியும்! அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நிற்காது. அதே சட்டத்தின் கட்டளை 41 விதி 5-ன் கீழ்த் தனியாகத் தடை கேட்டு மனுப் போட வேண்டும், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு எதிர்த்தரப்பு போடும் நிறைவேற்று மனு வருமுன் போடுங்கள். தடை தானாகக் கிடைக்காது. நிறுத்தாவிட்டால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் என்று காட்ட வேண்டும், தாமதமில்லாமல் கேட்டிருக்க வேண்டும், பிணையும் கொடுக்க வேண்டிவரும்.